ஒவ்வொரு நாளும் 2001 ஜனவரி 1

தாராவியில் தொண்ணூறு அடிச் சாலைக்குப் பின்புறச் சந்து ஒன்றில் 1998 முதல் 2013 வரை டிடிபி கடை நடத்திய அண்ணாச்சி ஒருவர், பரண் ஒழிக்கையில் அகப்பட்ட தம் பழைய கணினியைச் சென்ற ஜூலையில், மழை சற்றே ஓய்ந்த ஒரு பிற்பகலில், டாக்சியில் ஏற்றிச் சயானில் இருக்கும் என் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். பெட்டியோடு விசைப்பலகையும் வந்திருந்தது. அதன் நடுவரிசை எழுத்துகள் அழிந்து வழுவழுவென்று ஆகியிருந்ததில் வியப்பில்லை. தமிழ்த் தட்டச்சில் கையோடியவர்களின் விரல்கள் உட்காரும் இடம் அது. ஆனால் மேல்வரிசையில் மற்ற விசைகளெல்லாம் புதுக்கருக்குக் குலையாமல் இருக்க, எஃப்1 மட்டும் பெயர் தேய்ந்து குழிவிழுந்து கிடந்தது. உதவிக் குறிப்பை அத்தனை முறை திறந்து படித்தவர் எவரும் இருக்க முடியாதே என்று காரணம் கேட்டேன். "காலையில போட்டதும் எஃப்1 அழுத்துன்னு கேக்கும் தம்பி, அழுத்துவேன்" என்றார்.

அவருக்கு வேண்டியிருந்தவை எட்டே வரிகள். 2006இல் காலமான தம் தமையனாருக்கு, மறு ஆண்டு நினைவஞ்சலிச் சுவரொட்டி அச்சிட்டபோது அவரே இயற்றிய பாட்டு அது. அதன்பின் கடைக்கு நினைவஞ்சலி அடிக்க வந்தவர்களுக்கெல்லாம் அதே பாட்டை, பெயரையும் ஆண்டையும் மாற்றி மாற்றிக் கொடுத்துவந்ததில், தாம் அண்ணனுக்கென்று எழுதியது எது, பிறருக்காகத் திருத்தியது எது என்று அவருக்கே பிரித்தறிய முடியாமற் போயிற்று. இருபதாம் ஆண்டு நெருங்குகிறது. அண்ணனுக்கு முதலில் எழுதியபடியே வேண்டும் என்றார். நினைவிலிருந்த நான்கு வரிகளை என் கூடத்தில் நின்றபடியே சொன்னார்.

ஆண்டொன்று போனதென்று
நாட்காட்டி சொல்கிறது;
நாழிகையும் போகவில்லை
நாங்கள் அழும் கணக்கினிலே.

சுவரொட்டிப் பாட்டுக்கு இது மோசமில்லை என்று தோன்றியது. மூன்றாம் வரிக்காகவே வேலையை ஒப்புக்கொண்டேன் என்று சொன்னாலும் தவறாகாது.

பெட்டியைத் திறந்ததும் முதல் முடிவு தானாகவே எடுக்கப்பட்டுவிட்டது. மதர்போர்டில் செயலியைச் சுற்றி நின்ற கெப்பாசிட்டர்களில் நான்கு, தலை உப்பிப் பழுப்பு நிறக் கசிவோடு இருந்தன. 1990களின் இறுதியிலிருந்து சில ஆண்டுகள் வரை சந்தைக்கு வந்த பலகைகள் பலவற்றில், தரமற்ற மின்பகுளி நிரப்பிய கெப்பாசிட்டர்கள் இப்படித்தான் உப்பி வெடித்தன. அந்தப் பலகைக்கும் மின்சாரம் பங்கிடும் அதன் பழைய எஸ்எம்பிஎஸ் பெட்டிக்கும் மின்சாரம் கொடுத்துப் பார்ப்பதென்பது, கோப்புகள் இருக்கும் வன்வட்டில் மிச்சமிருப்பதையும் பணயம் வைப்பதாகும். பலகையின் ஓரத்தில் சிஆர்2032 பொத்தான் பேட்டரி உப்புப் பூத்துக் கிடந்தது. மீட்டரை வைத்துப் பார்த்தேன். 3 வோல்ட் இருக்கவேண்டிய இடத்தில் கால் வோல்ட்டும் இல்லை. எஃப்1 விசையின் குழிக்கு இதுவே காரணம். பேட்டரி தீர்ந்ததால், கணினியை எழுப்பிவிடும் அடிப்படை நிரலான பயாஸ் தன் அமைப்புகளை மறந்து, ஒவ்வொரு காலையும் குறை சொல்லி, எஃப்1 அழுத்தினால் தொடர்கிறேன் என்று காத்து நின்றிருக்கிறது. சில ரூபாய்ப் பேட்டரியை மாற்றாமல் எத்தனையோ ஆண்டுகள் அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறார். இதை அவரிடம் சொன்னபோது, "அழுத்தினா வேலை நடந்துதே" என்பதற்கு மேல் விளக்கம் எதுவும் வரவில்லை. வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறியது என்று சலித்துக்கொள்வோம். மரத்தடிக்கு நாள்தோறும் போய்வந்தவருக்கு அது கடைக்குப் போகும் வழியில் இன்னொரு படி, அவ்வளவே.

வட்டை மட்டும் கழற்றினேன். 20 ஜிபி, நாற்பது ஊசி கொண்ட ஐடிஇ வகை. அதை இன்றைய மடிக்கணினியோடு இணைக்கும் யுஎஸ்பி மாற்றியைத் தேடி, கிராண்ட் ரோடு நிலையத்தில் இறங்கி, பெயர்ப்பலகையில் டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க் என்றிருந்தாலும் எல்லோரும் இன்னமும் லாமிங்டன் ரோடு என்றே சொல்லும் தெருவில் ஒரு சனிக்கிழமை முழுவதும் அலைந்தேன். மூன்றாவது கடையில், கண்ணாடிப் பெட்டியின் அடித்தட்டிலிருந்து, தனி 12 வோல்ட் மின்செருகியோடு ஒன்று கிடைத்தது. வீட்டுக்கு வந்து இணைத்தால் வட்டு சுழலவே இல்லை. பல ஆண்டுகள் அசையாமல் கிடந்த வட்டில் சுழலச்சு இறுகிவிடுவதுண்டு. இதற்கு வட்டைக் குளிர்பெட்டியின் உறைபகுதியில் ஓரிரவு வைக்கச் சொல்லும் வைத்தியம் ஒன்று இன்னமும் உலவுகிறது. மும்பையின் ஜூலை ஈரப்பதத்தில் உறைபகுதியிலிருந்து வெளியே எடுத்த எந்தப் பொருளின் மேலும் நீர் முத்துமுத்தாகக் கோத்துக்கொள்வதைப் பார்த்தவர்கள் அந்தப் பேச்சையே எடுக்கமாட்டார்கள். வட்டைக் கிடைமட்டமாகப் பிடித்து, மணிக்கட்டைச் சுழற்றி, பம்பரத்தைத் தயார்செய்வதுபோல் இரண்டு முறை சட்டென்று திருப்பினேன். மூன்றாம் இணைப்பில் மெல்லிய சீழ்க்கையோடு சுழன்றது. ஆனாலும் கணினி அதை அடையாளம் காணவில்லை. அரைமணி நேரம் கேபிளைக் குறைசொன்ன பின்னரே, வட்டு முதன்மையா துணையா என்று குறிக்கும் பின்புறத்துச் சிறு செருகியான ஜம்பர், ஸ்லேவ் என்னும் துணை நிலையில் செருகப்பட்டிருந்ததைக் கவனித்தேன். மாஸ்டருக்கு மாற்றியதும் வந்தது.

இத்தகைய வட்டிலிருந்து கோப்புகளை நேரடியாக நகலெடுக்கக் கூடாது. முதலில் வட்டு முழுவதையும் அப்படியே ஒரு பிம்பமாக எடுத்துக்கொண்டு, பிறகு பிம்பத்தில்தான் வேலை செய்யவேண்டும். லினக்ஸில் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ இதற்கென்றே உள்ள கருவி. சுலபமாகப் படிக்க முடிந்த பகுதிகளை முதல் சுற்றில் வாரிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களைத் தாண்டிப் போய், மீதியைப் பிற்பாடு வந்து சுரண்டுகிறது. இடையில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்காக ஒரு வரைபடக் கோப்பை எழுதிக்கொண்டே போகிறது. அந்தக் கோப்பு வெறும் உரைக்கோப்பு, படித்துப் பார்க்கலாம். கூட்டல் குறி இட்ட பகுதி மீண்டது, கழித்தல் குறி மீளாதது, கேள்விக்குறி இன்னும் முயலாதது. ஒரு மனிதரின் கடை வாழ்க்கை முழுவதும் இந்த மூன்று குறிகளுக்குள் பிரிபட்டு நிற்பதை, மின்விசிறியை வட்டின் மேல் திருப்பி வைத்துவிட்டு மூன்று இரவுகள் பார்த்துக்கொண்டிருந்தேன். வட்டில் மொத்தம் 3 கோடியே 91 லட்சம் செக்டர்கள், அதாவது சிறு கட்டங்கள். முடிவில் மீளாமல் நின்றவை 214. செக்டருக்கு 512 பைட் வீதம் ஏறத்தாழ 107 கேபி. வேறு வேலையாயிருந்தால் இதை வெற்றி என்று குறித்து மூடியிருப்பேன். தேடுவது எட்டே வரிகள் என்னும்போது, அவை அந்த 107 கேபிக்குள் எத்தனையோ முறை அடங்கிவிடும் என்ற எண்ணம் விட்டுப் போகவில்லை.

பிம்பத்தைப் படிப்பதற்கு மட்டும் திறந்தபோது அடுத்த சிக்கல் வந்தது. விண்டோஸ் 98, கோப்புகளை அடுக்கிவைக்க அதன் எஃப்ஏடி32 முறை, பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் நிரலின் கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. நினைவஞ்சலிகளைத் தேதிப்படி அடுக்கி, முதலாவதை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று கணக்குப் போட்டிருந்தேன். அடுக்கினேன். பாதிக்கு மேற்பட்ட கோப்புகளின் தேதி 2001 ஜனவரி 1.

பயாஸுக்கு நாள் மறந்துபோனால் அது தனக்குள் எழுதிவைத்திருக்கும் தொடக்க நாளுக்குத் திரும்பிவிடும். அண்ணாச்சி ஒவ்வோர் இரவும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டே கடையைப் பூட்டுவார். ஆகவே பேட்டரி தீர்ந்த நாளிலிருந்து கடை மூடிய நாள் வரை, அந்தக் கணினியில் நாள்தோறும் பொழுது விடிந்தது 2001 ஜனவரி 1ஆம் தேதிதான். திருமண அழைப்பிதழ்கள், காதணி விழா, பூப்புனித நீராட்டு, கடைத் திறப்பு, கண்ணீர் அஞ்சலி எல்லாமே அந்த ஒரே புத்தாண்டு நாளில் நடந்துமுடிந்திருக்கின்றன. கோப்பின் நேரத்தைப் பார்த்தால் நள்ளிரவு கடந்து 3 மணி 12 நிமிடம் என்று இருக்கும். கடை திறந்து மூன்று மணி பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தது என்று மட்டுமே அதற்குப் பொருள். நாழிகை உண்டு, நாள் இல்லை. ஆண்டு போனதென்று நாட்காட்டி சொல்கிறது, நாழிகையும் போகவில்லை என்று எழுதியவரின் கணினி இப்படி நடந்துகொண்டிருக்கிறது என்பதைக் கண்டு நான் இரவு ஒன்றரை மணிக்குத் தனியாகச் சிரித்தேன். அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் என்னவென்று கேட்டபோது சொல்லத் தெரியவில்லை.

தேதி உதவாது என்றானபின், உரைக்குள்ளேயே தேடவேண்டியிருந்தது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் பொதுவாக எண் வகுத்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே, 1991இல், தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டுவிட்டது. ஆனால் விண்டோஸில் தமிழ் உள்ளபடியே வந்தது விண்டோஸ் 2000இல்தான். விண்டோஸ் 98 வைத்திருந்த டிடிபி கடைகள் எல்லாம், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வரைந்து வைத்த எழுத்துருக்களைக் கொண்டே காலத்தை ஓட்டின. அண்ணாச்சி பயன்படுத்தியது பாமினி. அந்த எழுத்துரு இல்லாமல் கோப்பைத் திறந்தால், தமிழ் என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று தெரியும். பக்கம் முழுவதும் அரைப்புள்ளிகள் சிதறிக் கிடக்கும் பித்துப் பிடித்த ஆங்கிலம். முதல் பார்வையில் வட்டு கெட்டுப்போய்விட்டது என்றே எவரும் எண்ணுவார்கள். உண்மையில் ஒரு பைட்கூடக் கெட்டிருக்காது.

மகரத்துக்கு ஏன் கே? "மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா" என்று தொல்காப்பியம் சொல்வது சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவைப் பற்றி. இங்கே காரணம் இருக்கிறது, ஆனால் வேறோர் இடத்தில் இருக்கிறது. பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறியில் வலக்கை நடுவிரல் ஓய்வெடுக்கும் விசை மகரம். ஆங்கிலப் பலகையில் அதே விரலுக்கடியில் இருப்பது கே. ஆக, வட்டிலிருந்து நான் எடுத்துக்கொண்டிருந்தது ஒலியுமல்ல, எழுத்துமல்ல, விரல்கள் போய்வந்த தடம். தேய்ந்த விசைப்பலகையில் வழுவழுப்பாக இருந்ததும், வட்டில் பைட்டுகளாக இருந்ததும் ஒரே செய்திதான் என்று உணர்ந்தபோது, இரண்டையும் மேசையின் மேல் அருகருகே வைத்துச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேடுவதற்கு நாட்காட்டி என்ற சொல்லைத் தேர்ந்தேன். வேறு வகை அழைப்பிதழ்களில் அது வர வாய்ப்புக் குறைவு. பாமினியில் அது இ, எச், எல், அரைப்புள்ளி, எஃப், எச், எல், அரைப்புள்ளி, பி என்று ஒன்பது பைட். யூனிகோடில், யுடிஎஃப்-8 வடிவில், அதே சொல் முப்பது பைட். கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறக்காமல், பிம்பம் முழுவதிலும் இந்த ஒன்பது பைட்டுகளை கிரெப் கட்டளையால் தேடி, கண்ட இடங்களின் முகவரியை எழுதிக்கொண்டேன். 211 இடங்கள் கிடைத்தன. சில அழிக்கப்பட்ட கோப்புகளில் இருந்தவை. எஃப்ஏடியில் ஒரு கோப்பை அழிப்பது என்பது பட்டியலில் அதன் பதிவின் முதல் பைட்டை மட்டும் மாற்றி, இடத்தைக் காலி என்று குறிப்பதுதான், உள்ளடக்கம் மேலே வேறொன்று எழுதப்படும் வரை அங்கேயே கிடக்கும். சில, நினைவகம் போதாதபோது விண்டோஸ் வட்டில் எழுதிக்கொள்ளும் ஸ்வாப் கோப்பில் தற்செயலாகத் தங்கியவை. ஒரே வடிவத்தின் நகல்களைத் தள்ளியபின் எஞ்சியவை 63 வெவ்வேறு வடிவங்கள்.

இவற்றை யூனிகோடுக்கு மாற்ற நாற்பது வரியில் பைத்தானில் ஒரு நிரல் எழுதினேன். செய்து பார்க்க விரும்புபவர்கள் இரண்டு இடங்களில் கவனமாக இருக்கவேண்டும். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் பாமினியில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில், மெய்க்கு முன்னால் நிற்கின்றன. யூனிகோடில் மெய்க்குப் பின்னால் சேமிக்கப்படுகின்றன. இதை இடம் மாற்றுவது எளிது. கடினமானது ஔகாரம். அதன் வலப்பக்க உறுப்பும் ளகரமும் உருவில் ஒன்றே என்பதால் பாமினியில் இரண்டுக்கும் ஒரே விசை. கொம்பு, வகரம், ளகரம் என்று மூன்று வந்தால் அது வௌ என்பதா, வெள என்பதா? நீளமான கோவையை முதலில் மாற்று என்ற வழக்கமான விதியைக் கண்மூடித்தனமாகப் பின்பற்றினால் கண்ணீர் வெள்ளம் என்பது கண்ணீர் வௌ்ளம் என்று வரும். இணையத்தில் பழைய உரைகள் பலவற்றில் இந்த ஊனத்தை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். அடுத்து வருவது புள்ளியாகவோ உயிர்க்குறியாகவோ இருந்தால் ளகரம் என்று கொள், இல்லையேல் ஔகாரம் என்று கொள் என ஒரு விதி சேர்த்ததில் பெரும்பாலானவை சரியாயின. மிச்சமிருந்தவை மனிதப் பெயர்கள். அவற்றைக் கையால் திருத்தினேன்.

63 வடிவங்களையும் வரிசையாகப் படிப்பது எளிதாக இல்லை. ஈராண்டு போனதென்று, மூவாண்டு போனதென்று, பத்தாண்டு போனதென்று, நாள்பதினாறு போனதென்று. நாழிகை மட்டும் ஒருவருக்கும் போகவில்லை. ஓரிடத்தில் தலைப்பில் ஐந்தாம் ஆண்டு என்றும் பாட்டில் ஆண்டொன்று என்றும் இருந்தது; மாற்ற மறந்திருக்கிறார், வீட்டாரும் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் அதுவே சரியென்று விட்டிருக்கிறார்கள். முப்பதாவதைத் தாண்டியபோது வரிகள் என் காதில் ஒலியாகவே விழவில்லை. அந்த மரத்துப்போன நிலையில்தான் ஒரு விளையாட்டுச் சோதனை செய்தேன்: 63 உரைகளையும் பாமினி வடிவிலேயே ஒரே கோப்பாக ஒட்டி, கோப்பின் பருமனைக் குறைக்கும் ஜிசிப் என்ற நிரலால் சுருக்கினேன். 61 கேபி இருந்தது 14 கேபியாக வந்தது. முன்பே வந்த தொடர் மறுபடி வந்தால், இத்தனை பைட் பின்னே போ, அங்கிருந்து இத்தனை பைட்டை நகலெடு என்று ஒரு சிறு குறிப்பை மட்டுமே அந்த முறை எழுதிவைக்கிறது. எட்டு வரிப் பாட்டு, இரண்டாம் வீட்டுக்குப் போகும்போதே ஒருசில குறிப்புகளாகச் சுருங்கிவிட்டது. எஞ்சிய பருமன் பெரும்பாலும் பெயர்களாலும் ஊர்களாலும், மனைவி, மக்கள், மருமக்கள், பேரன் பேத்திகள் என்ற நீண்ட பட்டியல்களாலும் ஆனது. 1948இல் கிளாட் ஷானன் தகவலுக்குக் கணக்கு வகுத்தபோது, செய்தியின் பொருள் என்னவென்பது பொறியியல் சிக்கலுக்குத் தொடர்பற்றது என்று தொடக்கத்திலேயே ஒதுக்கிவைத்தார். அதை நான் எப்போதும் சற்றே ஈரமற்ற கூற்றாக நினைத்துவந்தேன். பொருளை ஒதுக்கிய அதே கணக்கு பெயர்களை மட்டும் சுருக்க மறுத்ததைக் கண்டபின் அப்படி நினைக்கவில்லை.

இதற்கிடையில் ஒரு தவறும் செய்தேன். எஃப்ஏடி32இல் இந்த அளவு வட்டுக்கு இடம் 16 கேபி கொண்ட கிளஸ்டர்களாகவே பங்கிடப்படுகிறது. கோப்பின் கடைசித் துண்டு கிளஸ்டரை நிரப்பாவிட்டால், மிச்ச இடத்தில் அதற்கு முன் அங்கிருந்த ஏதோவொரு கோப்பின் எச்சம் அழியாமல் கிடக்கும். ஒரு மூதாட்டியின் நினைவஞ்சலிக் கோப்பை அடுத்து, அதே கிளஸ்டரின் வாலில், ஒரு குழந்தையின் காதணி விழா அழைப்பிதழ் துண்டாகக் கிடந்தது. இரண்டிலும் திருநெல்வேலிப் பக்கத்து ஒரே ஊர்ப்பெயர். பாட்டியின் மடியில் அமர்ந்து காதுகுத்திக்கொண்ட குழந்தை, பாட்டியின் மறைவுக்குப் பின்னும் அவர் சுவரொட்டிக்கு அடியில் ஒளிந்திருக்கிறது என்று ஒரு கதை என் மனத்தில் முழுதாக உருவாகிவிட்டது. மனைவியிடம் சொன்னேன். "அந்த ஊர்க்காரங்க தாராவியில ஒரே குடும்பம்தானா?" என்று கேட்டார். தாராவித் தமிழர்களில் பெரும் பகுதியினர் நெல்லைச் சீமையிலிருந்து, ஊர் ஊராகச் சேர்ந்து வந்து குடியேறியவர்கள். ஒரே ஊர்ப்பெயர் அந்தக் கடையின் வட்டில் பத்து இடங்களில் வரும், வந்தும் இருந்தது. காலியாயிருந்த அடுத்த கிளஸ்டரில் எழுதியதைத் தவிர வட்டு வேறெதுவும் செய்யவில்லை. எட்டு இரவுகளாகக் குறிகளுக்குப் பொருள் காண்பதையே வேலையாகச் செய்தவனுக்கு, பொருள் காண்பதை நிறுத்தும் விசை எது என்பது மறந்துபோயிருந்தது.

பக்கத்தில் கிடப்பது உறவாகாது, ஒன்றிலிருந்து ஒன்று வந்ததற்குத்தான் சான்று வேண்டும் என்று திருத்திக்கொண்டு, ஏட்டுச்சுவடிகளை ஒப்பிடுபவர்கள் செய்வதைச் செய்யத் தொடங்கினேன்: பிழைகளைப் பின்தொடர்வது. 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ. வே. சாமிநாதையர், புள்ளி இடப்படாத ஏடுகளில், எகரமும் ஏகாரமும் வேறுபாடின்றி எழுதப்பட்ட இடங்களில், எது சரியான பாடம் என்று ஏட்டோடு ஏட்டை வைத்துப் பார்த்தே முடிவுகட்டவேண்டியிருந்தது. எனக்கு வாய்த்த பாடபேதமும் விந்தையாக அதுவேதான். பாட்டின் ஆறாம் வரி, தேடுகின்றோம் வாசலெங்கும். 63இல் 22 வடிவங்களில் அது தெடுகின்றோம் என்று இருந்தது. பாமினியில் ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் ஒரே விசை. இரண்டாவதற்கு ஷிஃப்ட்டையும் சேர்த்து அழுத்தவேண்டும். ஒருமுறை சுண்டுவிரல் தவறியது, அந்தக் கோப்பை மேலெழுதிப் பிறந்த கோப்புகளெல்லாம் அந்தத் தவறைச் சுமந்திருக்கின்றன. தமையனாரின் சுவரொட்டியில் தேடுகின்றோம் என்று சரியாகவே இருந்தது. சரியானது மூலம், பிழையானது வழிவந்தது என்று முடித்துவிடத் தோன்றியது.

ஆனால் பிழை பிறகு நுழைந்திருக்கலாம் என்பதுபோலவே, பிழை முதலில் இருந்து பிறகு திருத்தப்பட்டும் இருக்கலாம். பேஜ்மேக்கரில் விரைவாகச் சேமி, சிறிதாகச் சேமி என்று இரண்டு வழிகள் உண்டு. விரைவு வழியில், மாற்றியதைக் கோப்பின் வாலில் சேர்த்துவிட்டுப் பழையதை உள்ளேயே விட்டுவிடும். அதனால்தான் அந்தக் காலத்துக் கோப்புகள் காரணமின்றிப் பருத்துக்கொண்டே போயின. தமையனாரின் கோப்பைப் பைட் பைட்டாகத் திறந்தேன். கிளஸ்டரின் வாலில் ஒட்டிய அந்நிய எச்சமல்ல இது. அதே கோப்பின் உடலுக்குள், இறுதி உரைக்கு முன்னால், ஒரு முந்தைய உரை கிடந்தது. ஒரு பெண்மணியின் பெயர், அவர் கணவரின் பெயர். மாதமொன்று போனதென்று நாட்காட்டி சொல்கிறது. ஆறாம் வரியில், தெடுகின்றோம்.

அந்தப் பெண்மணிக்கென்று தனிக்கோப்பு எதுவும் வட்டில் இல்லை. 214 செக்டர்களில் இருந்ததா, அல்லது அண்ணாச்சி அவர் கோப்பின் மேலேயே தம் அண்ணனை எழுதிவிட்டாரா என்று சொல்ல வழியில்லை. அவருக்கும் முன்னால் வேறொருவர் இருந்திருக்கலாம். எனக்குத் தெரிந்தது இவ்வளவே: அண்ணாச்சி அண்ணனுக்கென்று எழுதியதாக நினைத்துவந்த பாட்டு, அண்ணனுக்கு முன்பே ஒரு வாடிக்கையாளருக்கு எழுதப்பட்டது, மாதத்தை ஆண்டாக்கி, விட்டுப்போன ஷிஃப்ட்டை அண்ணனுக்காகத் திருத்தி, தேடுகின்றோம் என்று ஆக்கியிருக்கிறார்.

இதைச் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். கேட்டது மூலம் என்பதால் சொல்லாமலிருக்க முடியாது என்று தோன்றி, இரண்டு உரைகளையும் பெரிய எழுத்தில் அச்சிட்டு எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை தாராவிக்குப் போனேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதலில் அண்ணனுடையதைப் படித்தார். பிறகு மற்றதைப் படித்தார். "இந்த அம்மா யாரு?" என்று கேட்டார். கணவரின் பெயரையும் ஊரையும் சொன்னேன். வெகுநேரம் யோசித்தார். நினைவு வரவில்லை. உள்ளே பார்த்து மதனிக்குக் குரல் கொடுத்து அவரையும் கேட்டார், அவருக்கும் தெரியவில்லை. தாளைத் திருப்பி வெளிச்சத்துக்குக் காட்டி, மறுபடி எழுத்தெண்ணிப் படித்துக்கொண்டு வந்தவர் ஏழாம் வரியில் நின்றுவிட்டார்.

"கண்ணீர்ப் பூக்கள்னு ஒற்று மிகணும்லா தம்பி. விட்டுட்டேனே" என்றார்.

63 வடிவங்களிலும், அந்தப் பெண்மணியின் எச்சத்திலும், அது கண்ணீர் பூக்கள் என்றே இருந்தது. பாமினியில் இரண்டே பைட், ஜியும் அரைப்புள்ளியும். அண்ணனுக்கு எழுதியபடியே வேண்டும் என்று கேட்டதை நினைவூட்டினேன். அப்போது ஒற்று இல்லாமல்தான் எழுதினீர்கள் என்றேன்.

"அதுக்காக? தப்பைத் தப்பாவே அடிக்கவா?" என்று பேனாவை எடுத்து ப் என்று செருகினார். பிறகு முதல் வரிக்குப் போய், ஆண்டொன்று என்பதை அடித்துவிட்டு, இருபதாண்டு என்று எழுதி, வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். மதனி தேநீர் கொண்டுவந்தார். அந்தப் பெண்மணியின் தாளை அவர் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன், எதற்கென்று கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து திருத்தங்களைச் சேர்த்து, யூனிகோடில், 64ஆம் வடிவமாகச் சேமித்தேன். கோப்பின் தேதி 2025 ஆகஸ்ட் 3 என்று சரியாக விழுந்தது. விசைப்பலகையை அவர் திருப்பிக் கேட்கவில்லை. அது இன்னும் என் மேசையில் இருக்கிறது.